மரவட்டைகள் செய்த மண்

மொம்பாசாவின் பழைய நகரத்தில் எந்தச் சுவரைத் தொட்டாலும் கடல் கையில் படுகிறது. 1593-ல் போர்ச்சுகீசியர் கட்டத் தொடங்கிய ஜீசஸ் கோட்டை, சந்துக்குள் நெருக்கியடித்து நிற்கும் வீடுகள், வெள்ளையடித்த பள்ளிவாசல்கள் எல்லாமே பவளக்கல். கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லுக்குள் நுண்ணிய அறைகளும் சிப்பிச் சில்லுகளும் தெரியும். ஒரு லட்சம் ஆண்டுகளுக்கும் முன்னால் கடல் இன்னும் சில மீட்டர் உயரத்தில் நின்றது. அப்போது வளர்ந்த பவளத்திட்டு, நீர் வடிந்த பிறகு கரையாகிவிட்டது. கென்யாவின் கரையோரத்தில் பெரும்பகுதித் தரையே அதுதான். சுவாஹிலி மக்கள் பல நூற்றாண்டுகளாக அதை வெட்டி வீடு கட்டினார்கள், சுட்டுச் சுண்ணாம்பாக்கிப் பூசினார்கள். கையால் வெட்டிய காலம் வரைக்கும் தரைக்கு அது பெரிய காயமாக இல்லை.

காயம் பெரிதானது சிமெண்ட் வந்த பிறகு. 1951-ல் தொடங்கப்பட்ட பம்பூரி சிமெண்ட் நிறுவனம், 1954-ல் மொம்பாசாவுக்கு வடக்கே உற்பத்தியை ஆரம்பித்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கரையோரத்தில் மண்ணும் மரமும் இல்லாத வெள்ளைக் குழி விரிந்தது. அந்தக் குழிக்குள் இன்று ஒட்டகச்சிவிங்கிகள் நடக்கின்றன, பள்ளிப் பிள்ளைகள் வரிசை கட்டிப் போகிறார்கள். அதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தேன்.

எனக்கு அதில் சொந்த அக்கறை உண்டு. நான் அரியலூர்ப் பக்கத்தில் பிறந்தவன். எங்கள் ஊருக்கு அடியிலும் ஒரு கடல் கிடக்கிறது. ஆனால் அது டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்துக் கடல். சுருண்ட அம்மோனைட் ஓடுகளும் கிளிஞ்சல்களும் ஓடையோரங்களில் கிடக்கும். வாரணவாசியில் அவற்றுக்கென்று ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லுக்காகத்தான் எங்கள் வட்டாரத்தில் சிமெண்ட் ஆலைகள் வரிசையாக எழுந்தன. ஆலைகளோடு லாரிகள் வந்தன, புழுதி வந்தது, குழிகள் வந்தன. கல் தீர்ந்த குழிகளில் மழைநீர் பச்சையாகத் தேங்கி நிற்கிறது, ஓரங்களில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. ஊரில் பாதிப் பேருக்கு அந்த ஆலைகளால்தான் சோறு. அதனால் அந்தக் குழிகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நான் பேச விரும்புகிறேன்.

மொம்பாசா தீவிலிருந்து நியாலி பாலத்தைக் கடந்து வடக்கே மாலிந்தி போகும் சாலையில் மட்டாட்டு எனப்படும் வேன்கள் ஓயாமல் ஓடுகின்றன. நடத்துநர் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டே வருகிறார். சாலையோரம் பஜாஜ் ஆட்டோக்கள், இளநீர்க் குலைகளை ஏற்றிய தள்ளுவண்டிகள், தென்னங்கீற்று வேய்ந்த சாப்பாட்டுக் கடைகள். காலையில் அப்படியொரு கடையில் தேங்காய்ப்பாலில் வேகவைத்த துவரையும் எண்ணெயில் பொரித்த மகம்ரி என்ற பணியாரமும் சாப்பிட்டேன். துவரையை இப்படியும் சமைக்கலாம் என்று வீட்டில் சொல்ல வேண்டும். கொஞ்ச தூரத்தில் ஆலையின் உயரமான கட்டடங்கள் தெரிந்தன. அதற்குப் பக்கத்திலேயே சாலையோரம் அடர்ந்த பச்சை. ஹாலர் பூங்கா என்று எழுதியிருந்த பலகைக்கு அருகில் இறங்கிக்கொண்டேன்.

நுழைவாயிலைத் தாண்டியதும் பாதை கீழே இறங்குகிறது. இந்த இறக்கத்தைக் கவனிக்க வேண்டும். உள்ளே போகிற பலர் கவனிப்பதில்லை. சாலை மட்டத்திலிருந்து சில மீட்டர் ஆழத்துக்கு நாம் போகிறோம். வெட்டிய பாறையின் சுவர் ஓரத்தில் இன்னும் அப்படியே நிற்கிறது. அதன் மேலிருந்து அத்தி இன மரங்களின் வேர்கள் கயிறு கயிறாக இறங்கிச் சுவரைப் பற்றியிருக்கின்றன. நிழல் குளிர்ந்திருந்தது. எனக்கு வழிகாட்ட வந்த இளம்பெண் மெதுவாகத் தன் காலால் தரையைக் கிளறிக் காட்டினாள். மேலே சருகு, அதற்குக் கீழே கறுத்த பொலபொலப்பான மண், இன்னும் கீழே வெள்ளைக் கல். “இங்கே முதலில் உண்டானது இந்தக் கறுப்புதான். மற்றதெல்லாம் இதற்குப் பின்னால் வந்தது,” என்றாள். அன்று கேட்டவற்றில் முக்கியமான வாக்கியம் அதுவே.

ரெனே ஹாலர் சுவிட்சர்லாந்துக்காரர், தோட்டக்கலை படித்தவர். 1959-ல் பம்பூரி நிறுவனத்தில் தோட்டங்களையும் பண்ணையையும் கவனிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். 1971 வாக்கில் கல் எடுத்து முடித்த குழியில் எதையாவது வளர்க்க முடியுமா என்று பார்க்கத் தொடங்கினார். அந்தத் தரையை மனக்கண்ணில் கொண்டுவந்து பாருங்கள். துளி மண் இல்லை. பவளப்பாறை முழுக்கச் சுண்ணாம்பு, ஆகவே காரம். நிலத்தடி நீர் கொஞ்சம் கீழேயே இருந்தது, ஆனால் உப்புக் கரித்தது. வெயிலில் வெள்ளைப் பாறை கண்ணைக் கூசவைத்து அனலைத் திருப்பி அடித்தது. காற்றை மறிக்க எதுவும் இல்லை. புல்கூட முளைக்க மறுத்த இடம்.

ஹாலர் 26 வகை மரக்கன்றுகளை நட்டுப் பார்த்தார். தேறியவை மூன்று. ஒன்று தென்னை, ஒன்று சோமாலியப் பகுதியிலிருந்து வந்த தமாஸ் என்ற மரம், மூன்றாவது சவுக்கு. இந்த மூன்றில் சவுக்குதான் வேலையை முன்னெடுத்தது.

தமிழ்நாட்டில் சவுக்கைத் தெரியாதவர்கள் கிடையாது. கல்யாணப் பந்தலின் காலும் கட்டடச் சாரமும் சவுக்குக் கம்புதான். ரயில் என்ஜின்களுக்கு விறகு வேண்டுமென்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சென்னையை ஒட்டிய மணல் வெளிகளில் சவுக்குத் தோப்புகள் போட்டார்கள். இன்று காகித ஆலைகளுக்கும் அது போகிறது. நமக்கு அது பயிர். மூன்று நான்கு ஆண்டில் வெட்டுவோம், விற்போம், மறுபடி நடுவோம். அந்த மரத்தின் வேரில் நடக்கிற காரியத்தைப் பற்றி நாம் அதிகம் யோசிப்பதில்லை. அவரை, துவரை போன்றவற்றின் வேர் முடிச்சுகளில் ரைசோபியம் இருந்து காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது அல்லவா? சவுக்கு வேரில் அதே வேலையை ஃபிராங்கியா என்ற இன்னொரு நுண்ணுயிர் செய்கிறது. மண்ணே இல்லாத பாறையில் சவுக்கு தன் உரத்தைத் தானே சம்பாதித்துக்கொள்ளும், உப்பையும் தாங்கும். ஆனால் அந்த நுண்ணுயிர் பாறையில் தானாக இருக்காது. ஏற்கெனவே வளர்ந்த சவுக்குத் தோப்புகளின் அடியிலிருந்து மண் எடுத்துவந்து கன்றுகளோடு சேர்த்தார்கள். பாறையில் ஒரு குழி, அதில் ஒரு கைப்பிடி மண், அந்த மண்ணில் கண்ணுக்குத் தெரியாத கூட்டாளி. கன்றுகள் கிடுகிடுவென உயர்ந்தன.

பெரும்பாலான மரம் நடும் திட்டங்கள் இந்த இடத்தில் வெற்றி விழா கொண்டாடிவிடும். பச்சை வந்தாயிற்று, நிழல் வந்தாயிற்று, எண்ணிக்கை காட்டியாயிற்று. ஹாலர் தரையைப் பார்த்தார். சவுக்கின் ஊசி இலைகள் உதிர்ந்து கனமான மெத்தையாகக் கிடந்தன. மாதக்கணக்கில் கிடந்தும் மக்கவில்லை. அந்த ஊசிகளில் துவர்ப்புச் சத்து மிகுதி. சாதாரண நுண்ணுயிர்கள் சீக்கிரம் அண்டாது. நம் ஊர்ச் சவுக்குத் தோப்புக்குள் நடந்தவர்களுக்குத் தெரியும். கால் வழுக்கும், கீழே ஒரு செடி இருக்காது. மரம் இருக்கிறது, காடு இல்லை. சத்து முழுவதும் சருகில் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறக்க ஆள் இல்லை.

திறந்தது ஒரு மரவட்டை. சவுக்கு ஊசியை ஒரு மரவட்டை கொறித்துக்கொண்டிருப்பதைத் தோட்ட வேலை செய்தவர்கள் கவனித்தார்கள் என்று இங்கே சொல்கிறார்கள். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத்தில் மழைக்காலத்தில் ஏராளமாகத் திரிகிற வகை. கறுத்துப் பளபளக்கும் உடல், செக்கச் சிவந்த கால்கள், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான நீளம். மொம்பாசா ரயில் என்றே அதற்குப் பெயர். நம் பிள்ளைகளும் மரவட்டையை ரயில் பூச்சி என்றுதான் பிடித்து விளையாடுகிறார்கள். ஹாலர் சுற்றுப்புறங்களிலிருந்து நூற்றுக்கணக்கில் அவற்றைச் சேகரித்து வரச்செய்து சவுக்கு நிழலில் விட்டார்.

அவை தின்றன. நாள் முழுக்கத் தின்றன. ஊசியை அரைத்து, குடலில் பக்குவப்படுத்தி, சின்னச் சின்ன உருண்டைகளாக வெளியே தள்ளின. அந்த உருண்டைகளில் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் எளிதாகக் குடியேறின. மெத்தை சுருங்கிக் கறுத்த மக்காக மாறியது. ஓர் ஆண்டில் ஒரு விரற்கடைகூட இருக்காது. ஆனால் அது வளர்ந்தது, நிற்கவில்லை. அந்த மக்கு பாறையின் காரத்தையும் தணித்தது, மழைநீரையும் பிடித்துவைத்தது. வேறு செடிகளின் விதைகள் முதல்முறையாக அங்கே முளைக்க இடம் கிடைத்தது.

வழிகாட்டிய பெண் ஒரு மட்டையைப் புரட்டிக் காட்டியபோது அதற்குக் கீழே மூன்று நான்கு மரவட்டைகள் சுருண்டிருந்தன. ஒன்றைக் கையில் எடுத்தேன். சற்று நேரம் அசையாமல் இருந்துவிட்டு மெல்ல நீண்டு உள்ளங்கையில் ஊர்ந்தது. கால்களின் சிவப்பு அலை அலையாக நகர்ந்தது. யானையையும் சிங்கத்தையும் பார்க்கக் கென்யாவுக்கு வருகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். எனக்கு அந்த நாட்டில் கண்ட உயிர்களிலேயே மதிப்பு மிக்கதாக இது தோன்றியது. ஒரு காடு நிற்பதற்கு யார் தேவை என்று கேட்டால், நடுகிறவர் பெயரைச் சொல்கிறோம். மக்கச் செய்கிறவரின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அழுகல் நடக்காத இடத்தில் வளர்ச்சியும் நடக்காது என்பதை ஒரு பெரிய பரப்பில், ஒரு மனித வாழ்நாளுக்குள், கண்ணால் பார்க்கும்படி காட்டிய இடம் உலகில் அதிகம் இல்லை.

அதன்பிறகு நடந்தது வேகமானது. சவுக்கு இந்த மண்ணுக்குரிய மரம் அல்ல, ஆகவே அது தாதியாக மட்டுமே இருந்தால் போதும் என்று முடிவெடுத்தார்கள். முதலில் நட்டவற்றைக் கட்டம் கட்டமாக வெட்டி, இடைவெளியில் கரையோரக் காடுகளின் உள்ளூர் மரங்களை நட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் வந்து சேர்ந்தன. பறவைகள் வந்தன, அத்திப்பழம் தின்றுவிட்டு எச்சத்தில் விதை போட்டன. நிலத்தடி நீர் மேலேயே இருந்ததால் கொஞ்சம் தோண்டினாலே குளம் ஆயிற்று. குளங்களில் நாணலும் தாமரையும், அவற்றை நாடி நாரைகளும் கூடுகட்டும் குருவிகளும் வந்தன. ஏலாண்ட், ஓரிக்ஸ் போன்ற மான் வகைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை புல் மேய்ந்தன, சாணி போட்டன, அதுவும் மண்ணாயிற்று.

மீனும் வளர்த்தார்கள். திலேப்பியா. நம் ஊரில் ஜிலேபி மீன் என்று விற்கிறார்களே, அதேதான். மீன் தொட்டிகளிலிருந்து வெளியேறும் சத்து மிகுந்த நீரை அப்படியே கொட்டாமல் நீர்த்தாவரங்கள் நிறைந்த குட்டைகள் வழியாக ஓடவிட்டார்கள். ஆகாயத்தாமரை அந்தச் சத்தை உறிஞ்சி வளர்ந்தது. அதை அள்ளி மரக்கன்றுகளுக்கு உரமாக்கினார்கள். ஒன்றின் கழிவு இன்னொன்றின் உணவாக வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான் மரவட்டையிலும் மீன் தொட்டியிலும் வேலை செய்கிறது. 1984-ல் இந்த இடம் இயற்கை நடைபாதையாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1987-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் தன் குளோபல் 500 கௌரவப் பட்டியலில் ஹாலரைச் சேர்த்தது. பிற்பாடு பூங்காவுக்கே அவர் பெயரை வைத்தார்கள்.

அன்று மொம்பாசா நகரப் பள்ளி ஒன்றிலிருந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள். நீலச் சட்டை, சாயம் போன காலணி, கையில் பொட்டலம் கட்டிய சாப்பாடு. ஒட்டகச்சிவிங்கிகளுக்குத் தீவனம் கொடுக்கும் மேடையில் ஒரே கூச்சல். நீண்ட கருநீல நாக்கு உள்ளங்கையில் பட்டதும் ஒரு சிறுமி கையை இழுத்துக்கொண்டாள். பிறகு மறுபடி நீட்டினாள். கென்யாவின் தேசியப் பூங்காக்களுக்குப் போகும் செலவு இந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்குக் கட்டுப்படியாகாது என்று ஆசிரியை சொன்னார். தங்கள் நாட்டு விலங்கைத் தங்கள் நகரத்திலேயே, பேருந்து தூரத்தில் பார்க்க முடிவது அவர்களுக்குப் பெரிய காரியம்.

வழியில் அல்டாப்ரா ராட்சத ஆமைகள் தம்பாட்டுக்குப் புல் மேய்ந்துகொண்டிருந்தன. இங்கே ஆமை என்றதும் ஓவன், ம்ஸீ கதையைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். 2004 டிசம்பரில் பெருமழையில் சபாக்கி ஆற்றோடு அடித்துவரப்பட்ட நீர்யானைக் கூட்டம் ஒன்று மாலிந்திக்கு அருகே கடலுக்குள் போய்விட்டது. 26-ஆம் தேதி சுனாமி அலை அங்கேயும் வந்தது. மறுநாள் பவளத்திட்டின் மேல் ஒரு குட்டி மட்டும் தனியாக நின்றது. மீனவர்களும் ஊர்க்காரர்களும் வலைபோட்டுப் பிடித்துக் கரைசேர்த்தார்கள். அதை இந்தப் பூங்காவுக்குக் கொண்டுவந்து இறக்கியபோது, அது நேராக ஓடி சுமார் 130 வயது மதிக்கப்பட்ட ஓர் ஆமையின் பின்னால் ஒளிந்துகொண்டது. ஆமை முதலில் விலகிப் போனது. சில நாட்களில் இரண்டும் ஒன்றாக உண்ணவும் உறங்கவும் தொடங்கின. மீட்டவர்களில் ஒருவரின் பெயரைக் குட்டிக்கும், பெரியவர் என்று பொருள்படும் ம்ஸீ என்ற மரியாதைப் பெயரை ஆமைக்கும் வைத்தார்கள். அந்தப் படங்கள் உலகம் முழுக்கப் போயின.

அதே நாள், அதே அலைதான் நாகப்பட்டினத்தையும் அடித்தது. வேதாரண்யம் பக்கம் நாலுவேதபதியில் 2002-ல் ஊர்மக்கள் ஒரே நாளில் 80,244 கன்றுகளை நட்டிருந்தார்கள். சவுக்கும் அவற்றில் உண்டு. இரண்டே வயதான அந்தத் தோப்பு அலையின் வேகத்தை வாங்கி ஊரின் சேதத்தைக் குறைத்தது. குழந்தைகளுக்கு நீர்யானைக் குட்டியின் கதையைச் சொல்லும் ஆசிரியையின் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றபோது, எனக்கு அந்தத் தோப்பு நினைவுக்கு வந்தது. ஊரைக் காத்த மரமும் உயிர்களை அழைத்த மரமும் ஒரே இனம்.

மாலையில் அருகிலுள்ள வனப்பாதைகளுக்குப் போனேன். அதுவும் பழைய குழிதான். விலங்குக் காட்சியோ கூட்டமோ கிடையாது. வேலை முடிந்து வந்தவர்கள் ஓடுகிறார்கள், சைக்கிள் மிதிக்கிறார்கள், வயதானவர்கள் மரத்தடி இருக்கையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சொல்லப்போனால் பூங்காவைவிட இந்த இடம் எனக்கு அதிகம் பிடித்தது. ஒட்டகச்சிவிங்கி இல்லாமலும் ஒரு கல்குழி மக்களுக்குத் தேவைப்படும் இடமாக முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. ஹாலர் பெயரில் 2004-ல் தொடங்கிய அறக்கட்டளை இன்னொரு திசையில் போயிருக்கிறது. சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகளுக்குக் குட்டை வெட்டவும், மீன் வளர்க்கவும், மட்கு உரம் செய்யவும் கற்றுத்தருகிறது. குழிக்குள் கண்ட பாடம் குழிக்கு வெளியே உள்ள வறண்ட நிலங்களுக்குப் போகிறது.

எல்லாவற்றையும் நான் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை. பூங்காவின் ஒரு பகுதி விலங்குக்காட்சி சாலைதான். முதலைகள் சுவருக்குள் இருக்கின்றன, பாம்புகள் கண்ணாடிக்குள். அதைக் காடு என்று நான் சொல்ல மாட்டேன். சிமெண்டுக்காகச் சுண்ணாம்பைச் சுடும்போது வெளியேறும் கரியமில வாயுவை இந்த மரங்கள் ஈடுகட்டிவிடும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப மாட்டேன். குழிக்கு முன்னால் அங்கிருந்த கரையோரப் புதர்க்காடு திரும்பி வரவில்லை, வந்திருப்பது வேறொன்று. மனிதர் தேர்ந்தெடுத்து, மனிதர் காவல் காக்கிற ஒன்று. நிறுவனம் கைமாறினால் என்ன ஆகும் என்ற கேள்வியும் உண்டு. 2024-ல் பம்பூரி சிமெண்ட் தான்சானியாவின் ஆம்சன்ஸ் குழுமத்திடம் போயிற்று. ஐம்பது ஆண்டுக் காடு ஒரு நிறுவனத்தின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி நிற்கக்கூடாது. அது சட்டத்தில் நிற்க வேண்டும், நகரத்தின் உரிமையில் நிற்க வேண்டும். அந்த ஓடுகிறவர்களும் பள்ளி ஆசிரியைகளும் அதைத் தங்கள் இடம் என்று சொல்லிச் சண்டை போடத் தயாராக இருக்க வேண்டும்.

ஆனாலும், தோண்டியவர்களே மூட வேண்டும் என்ற விதியைச் சட்டம் கேட்பதற்கு முன்பே ஒரு தோட்டக்காரர் செய்துகாட்டினார். அதுதான் என்னை இங்கே வரவைத்தது.

அரியலூரில் இதை அப்படியே செய்ய முடியுமா? முடியாது. பம்பூரிக் குழி ஆழம் குறைவு, பரப்பு பெரிது. கீழே நீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எங்கள் குழிகள் ஆழமானவை, செங்குத்துச் சுவர் கொண்டவை. ஆடு மேய்க்கும் பிள்ளைகள் விழுந்துவிடும் அபாயம் எப்போதும் உண்டு. முதல் வேலை சுவரைச் சரித்துப் படிகளாக்குவது. ஆனால் எங்களிடம் இவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லின் மேல் மண் கிடக்கிறது, பல இடங்களில் நல்ல கரிசல். குவாரி திறக்கும்போது அதை வாரி மலைபோல் குவித்துவிடுகிறார்கள். மழை அதைக் கரைத்து ஓடைக்குள் கொண்டுபோகிறது. மேல்மண்ணைத் தனியே எடுத்து, புல்லோ பயறோ விதைத்துப் பாதுகாத்து, கல் தீர்ந்த பகுதியில் உடனே பரப்பினால் ஹாலர் மரவட்டைகளைக் கொண்டு செய்த வேலையில் பாதி முதல் நாளே முடிந்துவிடும். மண்ணைத் தூக்கி எறிந்துவிட்டு, இருபது ஆண்டு கழித்து, மண் இல்லாத இடத்தில் கன்று நட்டுத் தண்ணீர் லாரி ஓட்டுவது பணத்துக்கும் கேடு, காட்டுக்கும் கேடு.

நீர் நிற்கும் குழிகளையும் மூடிவிடத் தேவையில்லை. சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்த 2017-ல் மாங்காடு அருகே சிக்கராயபுரம் கல்குவாரிகளின் நீரைச் சுத்திகரித்து நகரத்துக்குக் கொடுத்தார்கள். அதுவரை ஆபத்தான பள்ளம் என்று மட்டுமே பெயர் எடுத்திருந்த இடம் அது. ஒரு குழி ஏரியாகலாம், ஒன்று காடாகலாம், ஒன்றின் சுவரை அப்படியே விட்டு அந்தக் கிரெட்டேசியஸ் கடலின் அடுக்குகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். எந்தக் குழி எதற்கு என்று முடிவு செய்யும்போது ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முன் நாற்றங்காலுக்குப் போனேன். கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் கன்றுகள் வரிசையாக இருந்தன. ஒரு முதிய தோட்டக்காரர் ஒவ்வொரு பையிலும் காட்டின் அடிமண்ணை ஒரு பிடி சேர்த்துக்கொண்டிருந்தார். நானும் அவரை ம்ஸீ என்றுதான் அழைத்தேன். இங்கே பெரியவர்களை அப்படித்தான் கூப்பிட வேண்டும். வழிகாட்டிய பெண் மொழிபெயர்க்க, எங்கள் ஊர்ச் சவுக்குத் தோப்புகளைப் பற்றிச் சொன்னேன். ஆயிரக்கணக்கான ஏக்கர் இருக்கிறது என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அடியில் மண் எப்படி இருக்கிறது என்று கேட்டார். மண் சேருவதில்லை, பெண்கள் சருகையும் மிளாறையும் துளி விடாமல் கூட்டி அடுப்புக்கு அள்ளிப் போய்விடுகிறார்கள், நான்காம் ஆண்டு மரமும் போய்விடுகிறது என்றேன்.

அவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்தப் பெண்களை ஒன்றும் சொல்லக்கூடாது, அடுப்பு எரிந்தாக வேண்டும் என்றார். இங்கேயும் வெட்டிய சவுக்கு விறகாகவும் வீட்டுக் கம்பாகவும் போயிற்று. வெட்டுகிற மரத்தையும் விட்டுவைக்கிற மரத்தையும் முதலிலேயே பிரித்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் கிடைக்கும் என்றார். குழியின் விளிம்பில் விறகுக்கென்று நான்கு வரிசை போடு, அதை ஊரே வெட்டிக்கொள்ளட்டும், உள்ளே விழுகிற சருகை யாரும் தொடக்கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடி, அதற்கப்புறம் கன்றுக்குக் குழி தோண்டு என்று விரல் மடக்கிச் சொன்னார். எவ்வளவு இடைவெளி விட வேண்டும், எந்த மாதத்தில் நட வேண்டும், உங்கள் ஊரில் மழை எப்போது என்று அடுத்தடுத்துக் கேட்டார். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை என்று நான் சொல்லச் சொல்ல, அவர் ஒரு குச்சியால் தரையில் வரிசைகளைக் கீறத் தொடங்கினார்.